ராகி கேட்ட நவகோடி நாராயணன்

தமிழில் கேழ்வரகு. கன்னடத்தில் ராகி. தர்மபுரி, கிருஷ்ணகிரி, வடார்க்காடு பக்கமிருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு அது புதுத் தானியம் அல்ல. ஊரில் களியாகக் கிண்டிச் சாப்பிட்டது, இங்கே முத்தெ என்ற பெயரில் உருண்டையாகத் தட்டில் வருகிறது.

அந்த ராகியை வைத்து ஒரு பாட்டு உண்டு. ‘ராகி தந்தீரா’ என்பது அதன் பெயர். கச்சேரியில் கனமான ராகங்கள் எல்லாம் முடிந்தபின், கடைசியில் துக்கடாவாகப் பாடுவார்கள். துள்ளலான மெட்டு. ராமநவமிப் பந்தலில் ஒருமுறை கேட்டால் போதும், வீடு போய்ச் சேரும்வரை வாய் முணுமுணுக்கும்.

கன்னடம் தெரியாத தமிழர்கள் இதை ஒரு பிச்சைக்காரர் பாட்டு என்றே எண்ணுகிறார்கள். யாரோ ஏழை, வாசலில் நின்று, ஒரு பிடி ராகி கேட்கிறான். அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறார்கள்.

பாட்டின் மெய்ப்பொருள் அதுவல்ல. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அந்தப் பாட்டை இயற்றியவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பிறவியில் பிச்சைக்காரர் அல்ல. அவர் வாசலில் ஊரே வந்து நின்று கடன் கேட்ட காலம் ஒன்று உண்டு.

அவர்தான் புரந்தரதாசர்.

அடகுக் கடை

இயற்பெயர் சீனிவாச நாயக்கர். பிறந்தது 1484 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தந்தை வரதப்ப நாயக்கர். ரத்தின வியாபாரமும் வட்டித் தொழிலும் செய்த பணக்காரக் குடும்பம்.

பிறந்த ஊர் எது என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. மகாராஷ்டிரத்தில் புனேக்கு அருகிலுள்ள புரந்தரகட் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். கர்நாடகத்தில் சிமோகா மாவட்டம் தீர்த்தஹள்ளிப் பகுதியே அவருடைய பூர்வீகம் என்று பிற்காலத்தில் கன்னட அறிஞர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

சீனிவாச நாயக்கர் சமஸ்கிருதம் படித்தார். சங்கீதமும் கற்றார். ஆனால் மனம் முழுவதும் தொழிலில்தான். தந்தை வைத்துவிட்டுப் போன சொத்தைப் பல மடங்காகப் பெருக்கினார். ஊரார் அவருக்கு நவகோடி நாராயணன் என்று பெயர் வைத்தார்கள். ஒன்பது கோடிக்கு அதிபதி என்று அர்த்தம்.

கூடவே இன்னொரு பெயரும் இருந்தது. மகா கஞ்சன். கை நீட்டி வாங்கத் தெரிந்த மனிதர். கை திறந்து கொடுக்கத் தெரியாது.

மனைவி சரசுவதி பாய் நேர் எதிரானவர். வாசலில் வந்து நின்றவரை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வராது. ஆனால் பெட்டிச் சாவி கணவரிடம் இருந்தது.

மூக்குத்தி

அவர் வாழ்க்கை திரும்பிய கதை கர்நாடகத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். செவிவழியாக வந்த கதை.

ஒரு நாள் ஏழை அந்தணர் ஒருவர் கடைக்கு வந்தார். மகனுக்குப் பூணூல் கல்யாணம் செய்ய வேண்டும், ஏதாவது உதவ வேண்டும் என்று கேட்டார். நாயக்கர் நாளைக்கு வரச் சொன்னார். மறுநாளும் நாளைக்கு என்றார். அந்தணர் விடவில்லை. நாட்கள் ஓடின. கடைசியில் தேய்ந்து போன செல்லாக் காசுகளைக் கொட்டி, இதில் ஒன்றைப் பொறுக்கிக்கொள், இனி இந்தப் பக்கம் வராதே என்று விரட்டிவிட்டார்.

அந்தணர் நேராக நாயக்கரின் வீட்டுக்குப் போனார். சரசுவதி பாயிடம் தன் நிலையைச் சொல்லி அழுதார். அந்த அம்மாளிடம் பணம் ஏது? யோசித்தார். தாய் வீட்டுச் சீதனமாக வந்த வைர மூக்குத்தி மூக்கில் மின்னிக்கொண்டிருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டார்.

அந்தணர் அதை விற்கத் தேடிப் போன கடையோ, அதே நாயக்கரின் கடை. பார்த்தவுடன் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மூக்குத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். வீட்டுக்கு ஓடினார். மூக்குத்தி எங்கே என்று மனைவியைக் கேட்டார். உடனே கொண்டுவந்து காட்டும்படி அதட்டினார்.

சரசுவதி பாய் நடுங்கிப் போனார். உள்ளே சென்று, கிண்ணத்தில் விஷத்தைக் கரைத்தார். கடவுளை நினைத்து அதை வாயருகே கொண்டுபோனார். கிண்ணத்தில் கிணுக்கென்று ஓர் ஓசை. உள்ளே மூக்குத்தி கிடந்தது.

நாயக்கர் திகைத்தார். கடைக்குத் திரும்பி ஓடிப் பெட்டியைத் திறந்தார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. மூக்குத்தியைக் காணவில்லை. வந்த அந்தணரையும் காணவில்லை.

வந்தவர் கடவுளே என்று அவர் மனம் சொல்லியது. செல்லாக் காசைப் போய் யாருக்குக் கொடுக்கப் பார்த்தோம் என்று எண்ணி வெட்கினார். சொத்து முழுவதையும் தானம் செய்தார். மனைவி, மக்களுடன் வீட்டை விட்டு இறங்கினார்.

போகும் வழியில் ஒரு காடு. இருட்டிவிட்டது. சரசுவதி பாய்க்குப் பயமாக இருந்தது. பயப்படுகிறாயே, மடியில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டார் கணவர். கணவர் தண்ணீர் குடிப்பதற்காக ஒரு தங்கக் கிண்ணத்தை மட்டும் அந்த அம்மாள் எடுத்து வந்திருந்தார். அதை வாங்கித் தூக்கி எறிந்தார் நாயக்கர். பயம் போய்விட்டது என்று கதை முடிகிறது. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்று தமிழில் சொல்வது இதைத்தான்.

கைக்கு வந்த கூடை

அப்போது துங்கபத்திரை ஆற்றங்கரையில் விஜயநகரம் செல்வத்தின் உச்சியில் இருந்தது. கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆண்டார். அரசரும் வணங்கிய குரு வியாசராயர். சீனிவாச நாயக்கர் அவரைச் சரணடைந்தார். 1525-ஆம் ஆண்டு தீட்சை பெற்றார் என்பது மரபு. அன்று முதல் பெயர் புரந்தரதாசர். அவர் பாடிய ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் புரந்தர விட்டலன் என்ற முத்திரை வந்தது.

அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

தாசர்களுக்கென்று சில நியமங்கள் உண்டு. காலில் சலங்கை, தோளில் தம்பூரா, கையில் சிப்ளாக்கட்டை. பாடிக்கொண்டே தெருவில் போக வேண்டும். வீட்டார் இடும் தானியத்தைக் கூடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்குத் தேவையானது அன்றைக்கு. நாளைக்கென்று சேர்த்து வைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் உஞ்சவிருத்தி என்று சொல்வார்களே, அதுபோல.

கோடி கோடியாகச் சேர்த்தவருக்கு இது சுலபமாகவா இருந்திருக்கும்?

இல்லை. அதை அவரே ஒரு பாட்டில் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நடந்ததெல்லாம் நன்மைக்கே என்ற கருத்துள்ள பாட்டு அது. தம்பூராவைத் தொடக் கூசித் தலை குனிந்ததையும், தன்னை ஓர் அரசனாக எண்ணிப் பிச்சைக் கூடையைத் தொட மறுத்த கர்வத்தையும் அதில் சொல்கிறார். அந்தக் கூடையைத் தன் கையில் பிடிக்க வைத்தவள் தன் மனைவியே என்று சொல்லி, அவள் குலம் ஆயிரமாகப் பெருகட்டும் என்று வாழ்த்துகிறார்.

மூக்குத்திக் கதையைப் பிறர் சொல்லித்தான் கேட்கிறோம். இந்தப் பாட்டு அவர் வாயாலேயே வந்த வாக்குமூலம். கர்வம் கழன்ற மனிதனின் நன்றி அதில் இருக்கிறது.

ராகிக்குள் இருக்கும் ஆகி

இந்த வாழ்க்கையை மனதில் வைத்துக்கொண்டு அந்த ராகிப் பாட்டுக்கு வர வேண்டும்.

முதலில் தலைப்பு. தந்தீரா என்பது தமிழர் காதில் கொடுத்தீரா என்று விழும். கன்னடத்தில் அதற்குக் கொண்டுவந்தீரா என்று அர்த்தம். பிச்சைக்கு ராகி கொண்டுவந்தீர்களா என்று வீட்டுக்காரர்களைக் கேட்கிறார் தாசர். மேலுக்கு இவ்வளவுதான்.

அடுத்து வரும் ஒவ்வொரு அடியிலும் ராகி, ராகி என்று வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் வருவது தானியம் இல்லை. சொல்லின் வால்.

தமிழில் நல்லவர் என்ற சொல்லோடு ஆகி என்பதைச் சேர்த்தால் நல்லவராகி. உழைப்பவர் என்பதோடு சேர்த்தால் உழைப்பவராகி. சற்று நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். நல்லவ-ராகி. உழைப்பவ-ராகி. உள்ளே ராகி வந்துவிட்டது அல்லவா? கன்னடத்திலும் அதே கதைதான். இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் அல்லவா? புரந்தரதாசர் இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் கட்டினார்.

கன்னடத்தில் இன்னொரு சௌகரியமும் உண்டு. பெங்களூர் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு ஹோகி, கொடி, மாடி என்ற சொற்கள் பழக்கம். போங்கள், கொடுங்கள், செய்யுங்கள் என்று மரியாதையாகச் சொல்வது. அதே கணக்கில் ஆகி என்றால் ஆகுங்கள் என்றும் அர்த்தம் ஆகிறது. ஆகவே, தானியத்தின் பெயர் போலக் கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் தாசர் ஒரு புத்திமதி சொல்கிறார். இப்படிப்பட்டவர் ஆகுங்கள் என்கிறார்.

எப்படிப்பட்டவர்?

யோக்கியதை உள்ளவர் ஆகச் சொல்கிறார். பாக்கியம் உள்ளவரும் ஆகச் சொல்கிறார். பசித்தவருக்கு அன்னமிடுபவர், அன்னசத்திரம் வைப்பவர் ஆகச் சொல்கிறார். வீண் பேச்சை விட்டு நாள்தோறும் பஜனை செய்யச் சொல்கிறார். தாய் தந்தைக்குப் பணிவிடை செய்யச் சொல்கிறார். பாவ காரியத்தை விட்டு, நீதியான வழியில் பெயர் எடுக்கச் சொல்கிறார். குருவின் கருணையைப் பெறச் சொல்கிறார். எல்லாம் முடிந்து கடைசியில்தான் புரந்தர விட்டலனுக்குத் தொண்டு செய்பவர் ஆகச் சொல்கிறார்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பணம் கூடாது என்று அவர் சொல்லவில்லை. பாக்கியம் உள்ளவராக இருக்கட்டும் என்றே வாழ்த்துகிறார். ஆனால் அதற்கு அடுத்தபடியே அன்னம் இடுவது வந்துவிடுகிறது. நவகோடி நாராயணனிடம் பாக்கியம் குறைவில்லாமல் இருந்தது. அடுத்த படிதான் இல்லை. அந்தணருக்கு அவர் தள்ளியது ஒரு செல்லாக் காசு. தன் பழைய வாழ்க்கையில் எது விட்டுப் போயிற்றோ, அதைத்தான் ஒவ்வொரு வாசலிலும் நின்று பிறருக்கு நினைவுபடுத்தினார்.

கடவுள் தொண்டு பாட்டின் கடைசியில் வருகிறது. பசித்தவனும் பெற்றவர்களும் அதற்கு முன்னால் வந்துவிடுகிறார்கள்.

ஆக, இது வாங்குகிற பாட்டு மாதிரி ஒலிக்கும் கொடுக்கிற பாட்டு. ஒரு பிடி ராகியை வாங்கிக்கொண்டு, வாழும் வழியைக் கொடுத்துவிட்டுப் போனார் தாசர். அவருக்குப் பிச்சையாக வேண்டியிருந்தது கூடையில் விழும் தானியம் மட்டுமல்ல. வீட்டுக்காரரின் நல்ல நடத்தையையும் சேர்த்துத்தான் கேட்டார்.

லட்சுமியை அழைத்தவர்

வெள்ளிக்கிழமை மாலையில் தமிழர் வீடுகளிலும் பாடப்படும் பாட்டு ‘பாக்யாத லட்சுமி பாரம்மா’. அதுவும் புரந்தரதாசர் பாட்டே. இருந்த செல்வத்தை எல்லாம் இறைத்துவிட்டு வந்தவர், லட்சுமியை வா வா என்று அழைப்பானேன் என்று சிலருக்குச் சந்தேகம் வருவதுண்டு.

பாட்டின் பொருள் தெரிந்தால் சந்தேகம் தீரும். லட்சுமி எப்படி வர வேண்டும் என்பதற்கு அவர் ஓர் உவமை சொல்கிறார். தயிரைக் கடையும்போது வெண்ணெய் திரண்டு வருவதுபோல வர வேண்டும். காலடி மேல் காலடி வைத்து, சலங்கை ஒலிக்க, நிதானமாக நடந்து வர வேண்டும்.

வெண்ணெய் வானத்திலிருந்து விழுவதில்லை. கை நோகக் கடைந்தால்தான் திரளும். மாதம் முழுவதும் உழைத்துச் சம்பளம் வாங்குகிற குடும்பத்துக்கு இந்த உவமையை விளக்கத் தேவையில்லை. பொன் மழை பொழிய வேண்டும் என்றும் பாட்டில் வருகிறது. ஆனால் அங்கும் இங்கும் அலையாமல், நித்தமும் மங்கலம் விளங்கும் பக்தர் வீட்டில் தங்க வேண்டும் என்பதே அவர் வேண்டுதல். தன் வீட்டுப் பெட்டிக்கு அவர் எதையும் கேட்கவில்லை. அவருக்குப் பெட்டியே இல்லை.

ஏரி நீர்

சங்கீதம் கற்கும் குழந்தைகள் ஆரம்பத்தில் மலஹரி ராகத்தில் சில கீதங்கள் படிப்பார்கள். அவற்றில் ஒன்று கெரெ நீரைப் பற்றியது. கெரெ என்றால் ஏரி. அரெகெரெ போன்ற பெங்களூர்ப் பேட்டைப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் அதே சொல்தான்.

ஏரியில் அள்ளிய நீரை ஏரிக்கே விட்டுப் புண்ணியம் பெறுவதுபோல, கடவுள் அருளால் கிடைத்த செல்வத்தைக் கடவுளுக்கே கொடுத்து வாழ வேண்டும் என்பது அதன் கருத்து. சென்னையிலும் தஞ்சாவூரிலும் குழந்தைகள் ஸ்வரத்துக்காக இதை உருப்போடுகிறார்கள். தன் சொத்தைத் தானம் செய்த ஒருவரின் வாழ்க்கையே அந்தச் சிறு கீதத்தில் அடங்கியிருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இந்தப் பாடமுறையை வகுத்தவரும் அவரே. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், அதன்பின் கீதம் என்று படிப்படியாக அமைத்தார். ஆரம்பப் பாடத்துக்கு மாயாமாளவகௌளை ராகத்தைத் தேர்ந்தெடுத்தார். இன்றும் கர்நாடக சங்கீதம் கற்கும் எவரும் அந்தப் படியில்தான் கால் வைக்கிறார்கள். அதனால் அவரைச் சங்கீத பிதாமகர் என்று போற்றுகிறார்கள்.

நான்கு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பாட்டுகள் பாடினார் என்பது மரபு. இன்று கிடைப்பவை சுமார் ஆயிரம்.

பண்டிதர் மொழியாகிய சமஸ்கிருதம் கற்றிருந்தும், தெருவில் பேசும் கன்னடத்தில் பாடினார். ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காக விடியற்காலையில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஆற்றில் முழுகுகிறவர்களைக் கேலி செய்தும் ஒரு பாட்டு உண்டு. அது வயிற்றுக்காகப் போடும் வைராக்கிய வேஷம் என்றார். குரு வியாசராயரே இந்தச் சீடரைப் புகழ்ந்து பாடினார். தாசர் என்றால் புரந்தரதாசர்தான் என்பது அந்தப் பாட்டின் கருத்து. ஆட்டிடையர் குலத்தில் வந்த கனகதாசரும் அதே குருவின் நிழலில் வளர்ந்தவர்.

காவிரிக் கரைக்கு வந்த பாட்டு

தமிழ்நாட்டுக்கும் அவருக்கும் உள்ள உறவு பழையது. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜருக்கு அவருடைய தாயார் புரந்தரதாசர் பாடல்களைப் பாடிக் காட்டியதாகச் சொல்வார்கள். தியாகராஜர் தமது பிரகலாத பக்தி விஜயம் என்ற இசை நாடகத்தின் தொடக்கத்தில் புரந்தரதாசரை வணங்கியிருக்கிறார். பிற்காலத்தில் எம்.எல்.வசந்தகுமாரியின் தாயார் லலிதாங்கி, நரசிம்ம தாசரிடம் இப்பாடல்களைக் கற்றார். மகள் அவற்றைத் தமிழ்நாட்டு மேடைகள் தோறும் பாடிப் பரப்பினார்.

பாட்டு வந்து சேர்ந்தது. பொருள்தான் பாதி வழியில் நின்றுவிட்டது.

ஆற்றங்கரை மண்டபம்

ஹம்பியில் விட்டலர் கோவிலுக்கு அருகே, துங்கபத்திரையின் ஓரத்தில், புரந்தர மண்டபம் என்று ஒரு கல் மண்டபம் இருக்கிறது. தாசர் அங்கே அமர்ந்து பாடினார் என்பது நம்பிக்கை. ஆற்றில் வெள்ளம் வந்தால் மண்டபம் முழுகிவிடும். வடிந்தபின் மறுபடி தலை தூக்கும்.

1564-ஆம் ஆண்டு, எண்பதாவது வயதில், தை அமாவாசையன்று புரந்தரதாசர் மறைந்தார். அடுத்த ஆண்டு, 1565 ஜனவரியில், தலைக்கோட்டைப் போரில் விஜயநகரப் படை தோற்றது. பொன்னும் ரத்தினமும் குவிந்திருந்த நகரம் சூறையாடப்பட்டது. அங்கே பெட்டியில் பூட்டி வைத்தவர்களின் செல்வம் போன இடம் தெரியவில்லை. கூடையோடு தெருவில் நடந்தவரின் பாட்டு மட்டும் மிஞ்சியது.

அவர் மறைந்து 400 ஆண்டுகள் ஆனதையொட்டி 1964-இல் இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது. திருப்பதி மலையடிவாரத்தில் அலிபிரியில் தம்பூராவோடு அவர் சிலை இருக்கிறது. தை அமாவாசை தோறும் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஆராதனை நடக்கிறது.

அந்தப் பாட்டுக்குப் பதில் சொல்ல நவகோடி தேவையில்லை. ஒன்றாம் தேதி சம்பளத்தில் ஊருக்கு மணியார்டர் அனுப்பிப் பெற்றவர்களைக் காப்பாற்றியவர்களும், அறையில் வந்து தங்கிய புது ஆளுக்குத் தட்டில் பாதியைத் தள்ளியவர்களும், தாசர் கேட்ட ராகியில் ஒரு பிடியை அவர் கூடையில் போட்டவர்களே.